ஓடும் ஹோட்டல்: விற்பவர் கையில் இருப்பது எவ்வளவு?

"நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஹோட்டல், கவனிக்க ஆள் இல்லாததால் விற்பனைக்கு." நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் இந்த வாசகத்துக்குப் பஞ்சமே கிடையாது. சில சமயம் அது அப்பட்டமான உண்மை. பிள்ளைகள் பெங்களூருவில் வேலையில் இருப்பார்கள். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, விடியற்காலை நாலு மணிக்கு வந்து கடை திறக்க முடியவில்லை. சில சமயமோ வாடகை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் பாக்கி, கட்டடக்காரர் மகனுக்கு மருந்துக்கடை வைக்க இடம் கேட்கிறார் என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி. விளம்பரத்தைப் படித்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கடையில் போய் இரண்டு தோசை சாப்பிட்டுப் பார்த்தும் முடியாது.

இங்கே பேசப்போவது திருச்சி அளவிலான ஊரைப் பற்றி. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் ஏறக்குறைய எட்டரை லட்சம் பேர். இந்த அளவு ஊர்களுக்கு என்று ஒரு குணம் இருக்கிறது. சென்னையில் முக்கியச் சாலையில் இருக்கும் கடை, போகிற வருகிற புது முகங்களை வைத்தே பிழைத்துக்கொள்ளும். தில்லை நகரிலோ புத்தூரிலோ ஒரு நடுத்தர ஹோட்டலைத் தாங்கிப் பிடிப்பது வாரத்தில் நாலு நாள் வரும் அதே முகங்கள்தான். கடை கைமாறுகிறது என்ற செய்தி, புது முதலாளி கல்லாவில் உட்காருவதற்கு முன்பே அவர்கள் காதுக்குப் போய்விடும். அடுத்த வாரமே சாம்பாரில் குறை கண்டுபிடிப்பார்கள், சாம்பார் மாறாமல் இருந்தாலும்.

ஓடுகிற கடையை வாங்குவதில் லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. காலி இடத்தை எடுத்துச் சமையலறை கட்டியவர்களுக்குத் தெரியும்: மும்முனை மின் இணைப்பு, புகைபோக்கி, எண்ணெய்ப் பிசுக்கு அடைக்காத கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, தரையில் ஓட்டம் பார்த்துப் போட்ட கல். இதற்கே மாதங்கள் ஓடும். வியாபாரம் தொடங்குமுன் வாடகை தின்னும். அதற்குப் பிறகு வாடிக்கை சேர்கிற வரை கைப்பணம் கரையும். ஏற்கனவே இயங்கும் கடை இந்த இரண்டு காலத்தையும் மிச்சப்படுத்துகிறது. விலையில் ஒரு பகுதி நியாயமாகவே அதற்குத்தான்.

ஆனால் விற்பவர் சொல்லும் மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. இடம், சாமான், லைசென்ஸ், ஆட்கள், பெயர், வாடிக்கை. இவற்றில் சாமான் மட்டுமே முழுக்க அவருடையது. அதன் மீதும் வங்கிக் கடன் இருக்கலாம். இடம் கட்டடக்காரருடையது. லைசென்ஸ் அரசு அவருடைய பெயருக்குக் கொடுத்தது. மாஸ்டர் நாளைக் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதனால் இந்த வியாபாரத்தில் பேச்சு வார்த்தை விற்பவரோடு முடிவதே இல்லை. அவரிடம் விலையைப் படிய வைக்கும் முன்பே மற்ற மூன்று பேரின் மனம் தெரிந்திருக்க வேண்டும்: கட்டடக்காரர், மாஸ்டர், கடன் கொடுத்தவர்கள்.

முதலில் கட்டடக்காரர். நம் ஊர்களில் பெரும்பாலான கடை வாடகை இன்னும் பதினோரு மாத ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம் இது. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், கட்டடக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பவை அதன் சாரம். இந்த நிலையில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் மூன்று மாதம் மிச்சம் வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது லட்சம் கேட்டால், அவர் உண்மையில் விற்பது அந்த மூன்று மாதத்தைத்தான். கட்டடக்காரரோடு வாங்குபவர் தன் பெயரில் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பதிவு செய்த ஒப்பந்தம் போட முடிந்தால் மட்டுமே விலையைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. அந்தப் புது ஒப்பந்தத்தில் வாடகை நிச்சயம் ஏறும். ஏறிய வாடகையை வைத்துத்தான் லாபக் கணக்குப் போட வேண்டும், பழைய வாடகையை வைத்து அல்ல.

திருவரங்கம், மலைக்கோட்டைப் பக்கம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோயில் மனையில் நிற்கும் கட்டடமா, மாநகராட்சி ஏலம் விட்ட கடையா என்பது. கோயில் சொத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். வாடகைதாரர் தன் இஷ்டத்துக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய இடம் அது இல்லை.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெயரோடு ஒட்டியது. உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குக் குறுகிய கால அவகாசம் தருவதைத் தவிர, விற்பனையோடு சேர்ந்து அது கைமாறாது. ஜிஎஸ்டி எண் பான் எண்ணிலிருந்து பிறப்பது. தனிநபர் கடையை வாங்கினால் வாங்குபவருக்குப் புது எண்தான். மாநகராட்சித் தொழில் உரிமம், மின் இணைப்பின் பெயர் மாற்றம், 19 கிலோ வணிக சிலிண்டர் இணைப்பு என்று வரிசையாக எல்லாமே புது விண்ணப்பம். "லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், அந்த இடத்துக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அதற்கு மேல் மதிப்பு இல்லை. அறிகுறிக்கும் ஒரு மதிப்பு உண்டுதான். மாடி வீட்டுக்காரர் புகைக்கு ஆட்சேபம் எழுப்பி ஏற்கனவே மனு கொடுத்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏமாறுவதற்குக் காரணமும் சுவாரசியமானது. விற்பவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவார். அதில் தொகை குறைவாக இருக்கும். வாங்குபவர் முகம் வாடும்போது குரலைத் தாழ்த்துவார்: "இது காட்டுற கணக்கு. நிஜ வியாபாரம் இதுல ரெண்டு பங்கு." கேட்கிறவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். விட வேண்டியது அதுவல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு, வியாபாரத்தை மொத்தமாகவோ பகுதியாகவோ கைமாற்றினால், கைமாறிய நாள் வரை கட்ட வேண்டியிருந்த வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. ஆக மறைத்த வியாபாரம் உண்மையானால் மறைத்த வரியும் உண்மை. அதற்கு வாங்குபவரும் பொறுப்பேற்கிறார். பொய்யானால் லாபமே பொய். எப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டாம் பங்குக்கு ஒரு ரூபாய்கூட விலை தரக் காரணம் இல்லை.

வாய்க்கணக்கைச் சோதிக்க வழிகள் உண்டு. நான் நம்புவது கடைக்குள் வரும் சரக்கை. ஒரு கிலோ மைதாவில், கடையின் அளவைப் பொறுத்து, பதினைந்திலிருந்து இருபது பரோட்டா வரும். நாளுக்கு அறுநூறு பரோட்டா போகிறது என்று சொன்னால் முப்பது முதல் நாற்பது கிலோ மைதா பிசைய வேண்டும். மாதத்துக்கு ஐம்பது கிலோ மூட்டை பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வரை வந்து இறங்கியிருக்க வேண்டும். மளிகைக்காரர் பில்லில் பத்து மூட்டைதான் இருந்தால் மீதிப் பரோட்டா எதில் பிசைந்தது? பாலுக்கும் இதே கணக்கு, வாழை இலைக் கட்டுக்கும் இதே கணக்கு, சிலிண்டருக்கும் இதே கணக்கு. இலை நல்ல சாட்சி. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு, தட்டில் விரிக்கும் தாளுக்குப் பதிலாகப் பல கடைகள் இலைக்குத் திரும்பின. இலைக்காரர் நோட்டில் பொய் எழுத அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

இன்னொரு சாட்சி க்யூஆர் அட்டை. பத்து வருடத்துக்கு முன் கல்லாப் பணத்துக்குத் தடயமே கிடையாது. இப்போது டீ குடித்தவரும் செல்போனை நீட்டுகிறார். பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டால் வியாபாரத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஸ்விக்கி, சொமாட்டோ வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனங்களே வரி கட்டுகின்றன. கடையின் ஜிஎஸ்டி கணக்கில் அது தனிப் பதிவாகத் தெரியும். அந்தத் தொகையும் நிறுவனங்கள் வாரா வாரம் அனுப்பும் பட்டுவாடாவும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கலாம்.

பன்னிரண்டு மாதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஹோட்டல் வியாபாரம் பஞ்சாங்கத்தோடு கட்டிப்போட்டது. புரட்டாசி வந்தால் அசைவக் கடையில் பெஞ்சு காலி. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டால் தை பிறக்கிற வரை அதே கதை. சைவக் கடைக்கு அதுவே அறுவடை. திருவரங்கத்தில் மார்கழி வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு சைவ ஹோட்டலுக்கு விலை பேசுகிறவர் வருடத்தின் உச்சியை வருடம் என்று எண்ணிக்கொள்கிறார். சமயபுரம் பாதையில் இருக்கும் கடைக்கு ஆடி வெள்ளி வேறு, ஐப்பசி வெள்ளி வேறு. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கல்லூரிகளை நம்பி ஓடும் கடைகளுக்கு மே மாதம் வெறுமை. முகூர்த்த நாட்களில் கல்யாண ஆர்டர் எடுக்கும் கடைக்கு ஒரு தையும் வைகாசியும் வருட லாபத்தில் பாதியைத் தந்துவிடும். அந்த ஆர்டர் முதலாளியின் சொந்தபந்தத்தால் வருகிறதா, கடையின் பேரால் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தபந்தம் விலைக்கு வராது.

போன வருடக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அடுத்த வருடத்துக்கு அது சாட்சி சொல்லாத இடங்களும் உண்டு. திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. மத்தியப் பேருந்து நிலையத்தை ஒட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு மதுரை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரை நம்பித் திறந்து வைத்திருந்த கடையின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கு இப்போது வரலாறு மட்டுமே. மதுரையில் மாட்டுத்தாவணி வந்தபோதும், சென்னையில் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்தபோதும் இதே பாடம்தான். அணுகுசாலை, மேம்பாலம், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெரு எல்லாம் இதன் சின்னத் தம்பிகள். மாநகராட்சியில் என்ன திட்டம் ஒப்புதலாகியிருக்கிறது என்று ஒரு நாள் செலவழித்து விசாரிப்பவர் மிகக் குறைவு.

லாபக் கணக்கில் இன்னொரு பொத்தல் உண்டு. மாதம் ஒன்பது லட்சம் விற்பனை, 1,20,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் முதலாளி, அடுப்படி மேற்பார்வைக்கு அவர் மனைவி, காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி எடுத்து வர மகன். மூவருக்கும் சம்பளம் எழுதவில்லை. வாங்குபவர் இந்த இடங்களுக்கு ஆள் போட்டால் 18,000, 20,000, 17,000 என்று 55,000 போய்விடும். மிச்சம் 65,000. கடையை 25 லட்சம் கடன் வாங்கிப் பிடித்திருந்தால், பன்னிரண்டு வட்டியில் மாதம் 25,000. மிச்சம் 40,000. கட்டடக்காரர் பத்தாயிரம் ஏற்றினால் 30,000. பதினாறு மணி நேரம் நின்று முப்பதாயிரம் சம்பாதிக்க 25 லட்சம் கடன் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் வாங்கலாம்.

கடன் என்றதும் மானியத் திட்டங்களைப் பலர் நினைப்பார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். நடக்கிற கடையை வாங்க அது கை கொடுக்காது. குட்வில்லுக்கு, அதாவது கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும், கொடுக்கும் பணத்துக்கு 2020-21 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் தேய்மானமும் கிடையாது. கிரைண்டருக்கும் குளிர்பெட்டிக்கும் உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவதில் கைப்பணம் அடங்கியிருக்கிறது. பணத்தைக் கட்டுக்கட்டாகக் கொடுக்கும் வழக்கமும் இனி உதவாது: ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு என்றாலும், கொடுத்தவரிடம் ரசீது இல்லை. பின்னால் தகராறு வந்தால் நிற்பது அவர்தான்.

மாஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வாடிக்கையாளர் தேடி வருவது அந்தச் சால்னாவை. அது புத்தகத்தில் இல்லை. எந்த நேரத்தில் கசகசாவை அரைத்து ஊற்றுவது, எவ்வளவு எண்ணெய் மேலே மிதக்கும்போது அடுப்பை அணைப்பது என்பது ஒரு ஆளின் கையில் இருக்கிறது. அந்த ஆளுக்குப் பழைய முதலாளி முன்பணம் கொடுத்திருப்பார், மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக்குக் கூரை மாற்றவோ. ஹோட்டல் தொழிலில் நல்ல மாஸ்டரைக் கட்டி வைப்பது பெரும்பாலும் இந்த அட்வான்ஸ்தான். கடை கைமாறும்போது மூன்று விஷயம் நடக்கலாம். விற்பவர் அந்தப் பணத்தை வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மாஸ்டரை விட்டுவிட்டுப் போகலாம். மாஸ்டர் வேறு கடையிலிருந்து கூடுதல் அட்வான்ஸ் வாங்கி, பழையதை அடைத்துவிட்டு நடையைக் கட்டலாம். அல்லது, இதுதான் மோசம், ஆறு மாதம் கழித்து விற்றவரே அடுத்த தெருவில் புதுக் கடை திறந்து அதே மாஸ்டரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். "அண்ணே, பழைய முதலாளி அங்க கடை போட்டிருக்காராமே?" என்று சாப்பிட வந்தவர் சப்ளையரிடம் கேட்கும்போதுதான் புதியவருக்கே தெரியவரும்.

மூன்றாவதற்குச் சட்டத்தில் கதவு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. ஒரே விதிவிலக்கு குட்வில் விற்பனை. குட்வில்லை விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள், வாங்கியவர் அந்தத் தொழிலை நடத்தும் காலம் வரை, அதே மாதிரித் தொழிலைத் தொடங்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், எல்லை நியாயமானதாக இருந்தால், அது செல்லும். அதற்காகவாவது குட்வில்லுக்கு என்று ஒரு தொகையை எழுதி, எல்லையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். மாஸ்டரை மட்டும் இந்தப் பிரிவால் கட்ட முடியாது. அவர் தொழிலாளி; வேலையை விட்ட பின் எங்கே அடுப்பு பற்றவைப்பது என்பது அவர் உரிமை. கடையை வாங்கும் முன் அவரோடு தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடிப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. முடிந்தால் அவருக்கு லாபத்தில் சிறு பங்கு. இரண்டாம் மாஸ்டரைக் கூடவே நிறுத்திக் கைப்பக்குவத்தைப் பழக்குவது அதைவிடப் புத்திசாலித்தனம். பெரிய மாஸ்டருக்குப் பிடிக்காது என்றாலும்.

மற்ற ஆட்களின் கணக்கும் பின்தொடரும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் வைப்பு நிதி. விற்பனைக்கு முந்தைய பாக்கிக்கு வாங்கியவரையும் சட்டம் விடுவதில்லை.

பெயர்ப் பலகையைப் பற்றிப் பெரிய மயக்கம் நிலவுகிறது. "பவன்", "விலாஸ்" என்று முடியும் பெயர்களில் பாதி ஊருக்கு ஊர் வேறு வேறு குடும்பங்களுக்குச் சொந்தம்; அண்ணன் தம்பி பிரிந்து இருவரும் ஒரே பெயரை வைத்திருப்பதும் சகஜம். வணிகச் சின்னமாக 43-ஆம் வகுப்பில் பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில், எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்க்காமல் பெயருக்குப் பணம் தரக் கூடாது. திண்டுக்கல்லில் 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரியாணிக் கடை, பின்னாளில் தலப்பாக்கட்டி என்ற பெயருக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

இத்தனை சிக்கலும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஊரில் ஒரு குறுக்கு வழி உண்டு: தினசரி வாடகைக்குக் கடையை எடுத்து நடத்துவது. பாத்திரம், அடுப்பு, பெயர்ப் பலகை எல்லாம் பழையவருடையது. நடத்துபவர் நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தால் எந்த ஆடிட்டர் அறிக்கையும் சொல்லாதது தெரிந்துவிடும்: மாஸ்டரின் குணம், பால்காரரின் பாக்கி, செவ்வாய்க்கிழமையின் உண்மையான கல்லா. ஆனால் பழையவரின் லைசென்ஸில் நடத்தினால் கெட்டுப்போன கோழிக்குப் பொறுப்பு யார் என்பது குழப்பம். கட்டடக்காரர் கண்ணுக்கு அது உள்வாடகை. அதனால் அவருடைய சம்மதக் கடிதத்தோடு, புதியவர் பெயரில் உணவு உரிமம் வாங்கி, பிறகு விற்பனையாக மாற்றும் உரிமையை விலையோடு எழுதி வைத்துக்கொண்டு நடத்துவதே சரி.

விற்பவர் இதற்கு ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி: விலையில் கால்வாசியை ஆறு மாதம் நிறுத்தி வைப்பது. மளிகை, கோழிக்கடை, மின்வாரியம், சொத்து வரி, ஜிஎஸ்டி என்று பழைய பாக்கிகள் அந்த அவகாசத்தில்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், வரவரக் கழித்துக்கொள்ளலாம். நேர்மையான விற்பனையாளர் முணுமுணுத்தபடி சம்மதிப்பார். முழுப் பணமும் இந்த வாரமே வேண்டும் என்று நிற்பவரிடம், பாக்கிப் பட்டியலைக் கேட்டு, கோழிக்கடைக்காரரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேச்சைத் தொடரலாம்.